கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், ஹஜ்ரத்!

மக்தபில் பிள்ளையைச் சேர்க்க வரும் தந்தை, உஸ்தாதின் கையைப் பற்றிக்கொண்டு சொல்லும் வாசகம் நம் ஊர்களில் தலைமுறைகள் கடந்தும் மாறவில்லை. "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் ஹஜ்ரத், மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு." சொல்கிறவர் சிரிக்கிறார், கேட்கிறவரும் சிரிக்கிறார். இருவருக்கும் நடுவே நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அதே தந்தை ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட வாசலிலும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். டியூஷன் ஆசிரியரிடமும் சொல்கிறார். வீட்டில் உம்மாவிடம் வேறொரு வாசகம் இருக்கிறது: "வாப்பா வரட்டும், சொல்கிறேன்." வாப்பா ரியாதிலோ துபாயிலோ இருந்தால், வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பு வரை அந்த மிரட்டல் தள்ளிவைக்கப்படுகிறது. பிள்ளையை ஆளும் அதிகாரம் இப்படி நாள் முழுவதும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஸுப்ஹுக்குப் பின் உஸ்தாதிடம், ஒன்பது மணிக்கு ஆசிரியரிடம், மாலையில் டியூஷனில், மஃரிபுக்குப் பின் உம்மாவிடம். பிள்ளையின் கைக்கு மட்டும் அது ஒருநாளும் வந்து சேர்வதில்லை.

வந்து சேராததன் விளைவை நாம் அண்மையில் ஒரு வீட்டில் கண்டோம். பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளை. குர்ஆனை இருமுறை ஓதி முடித்தவன். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் காணலாம். சென்னையில் பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே நான்கு பாடங்களில் அரியர். ஸுப்ஹு என்பது அவனுக்கு மறந்தே போயிற்று. இரவு மூன்று மணி வரை கையில் செல்பேசி. "இங்கே இருக்கும்போது நல்ல பிள்ளையாகத்தானே இருந்தான்!" என்று அந்தத் தாய் அழுதார். கெட்ட சகவாசம் என்றார்கள் உறவினர்கள். ஒருவர் கண்ணேறு என்றும் சொன்னார். அவனை எழுப்பிவிடவும், புத்தகத்தின் முன் உட்காரவைக்கவும், செல்பேசியைப் பிடுங்கிவைக்கவும் அங்கே ஆள் இல்லை என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகளாக இவை அனைத்தையும் அவனுக்காக வேறு யாரோதான் செய்துவந்தார்கள்.

அடக்கப்பட்ட பிள்ளையும் அடக்கமுள்ள பிள்ளையும் ஒன்றெனக் கருதுகிறோம். நம் சமுதாயத்துப் பிள்ளைகளின் கல்வியை அரித்துக்கொண்டிருக்கும் பிழை இதுவே என்பது நமது துணிபு.

தன்னைத் தானே நெறிப்படுத்தும் ஆற்றல் என்பது என்ன? சொன்னதை மனத்தில் இருத்திக்கொண்டு வேலை செய்வது, உடனே எழும் உந்துதலைத் தடுத்து நிறுத்துவது, ஒரு வழி பலிக்காதபோது இன்னொரு வழிக்கு மாறுவது. இம்மூன்றையும் உளவியலார் இதன் அடிப்படைகளாகக் கொள்கின்றனர். நெற்றிக்குப் பின்னே இருக்கும் மூளைப் பகுதியின் வேலை இது. அப்பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதும் கடந்து, ஏறக்குறைய இருபத்தைந்து ஆகிறது. ஆகவே ஏழு வயதுப் பிள்ளை தன்னை அடக்க இயலாமல் தடுமாறுவது குணக்கேடு ஆகாது. பல் முளைப்பதைப் போல அது வளர்ச்சியின் ஒரு கட்டம். ஆனால் பல்லைப் போலத் தானாக முளைப்பதன்று இந்த ஆற்றல். பழகினால்தான் வரும். பழகுவதற்கு இடம் கொடுத்தால்தான் பழக முடியும்.

இதன் மதிப்பை எவரும் மறுக்கவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் 1,000 குழந்தைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். சிறு வயதில் தன்னடக்கம் குறைவாக இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியிருந்தனர். குற்ற வழக்குகளில் சிக்கியவர்களும் அவர்களுள் மிகுதி. 2011இல் வெளியான முடிவு இது. அறிவுத்திறனையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது.

"பார்த்தீர்களா, கட்டுப்பாடு வேண்டும் என்றுதானே நாங்களும் சொல்கிறோம்?" என்று இங்கே சிலர் பிரம்பை எடுப்பார்கள். சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் நடத்திய மிட்டாய்ச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழலையர் பள்ளிப் பிள்ளையின் முன் ஒரு தின்பண்டம் வைக்கப்படும். உடனே தின்றால் ஒன்று. பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் விருப்பமான வேறொன்றோ இரண்டோ கிடைக்கும். பயான்களிலும் சுயமுன்னேற்ற உரைகளிலும் இந்தக் கதை இத்துடன் நிறுத்தப்படுகிறது: பொறுத்தவன் வென்றான், பொறுக்காதவன் தோற்றான். மிஷெல் கண்டறிந்தவற்றுள் பயனுள்ள பகுதியோ அதற்குப் பின்னால்தான் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தின்பண்டத்தையே வெறித்துப் பார்த்த பிள்ளைகள் விரைவில் தோற்றார்கள். 1972இல் வெளியான ஆய்வில், கையில் ஒரு விளையாட்டுப் பொருள் கொடுக்கப்பட்ட பிள்ளைகளும், மகிழ்ச்சியான வேறொன்றை நினைத்துக்கொள்ளுமாறு சொல்லித்தரப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் காத்திருந்தார்கள். பொறுமைக்கு உபாயம் உண்டு. அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

இதைப் படித்தபோது நமக்கு ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆஷூரா நோன்பு நாளில் ஸஹாபிப் பெண்கள் தம் சிறு பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்வார்கள். பிள்ளை உணவு கேட்டு அழுதால், கம்பளி ரோமத்தால் செய்த விளையாட்டுப் பொருளை அதன் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்புவார்கள். அந்தத் தாய்மார்கள் அழும் பிள்ளையை அதட்டியதாகவோ நரகத்தைச் சொல்லி மிரட்டியதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை. பசி எழும் என்று முன்கூட்டியே அறிந்து, அந்த நேரத்திற்கென்று ஒரு பொம்மையைச் செய்து வைத்திருந்தார்கள்.

எல்லாம் எங்கள் கிதாபில் ஏற்கெனவே இருக்கிறது என்று பெருமை பேசுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்தப் பெருமை மலிவானது. கிதாபில் இருப்பது வீட்டில் இல்லையே என்பதுதான் நமது வெட்கம்.

மிட்டாய்ச் சோதனையின் கதை அங்கும் முடியவில்லை. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 28 பிள்ளைகளை வைத்து ஒரு மாற்றம் செய்து பார்த்தனர். சோதனைக்கு முன், "இதைவிட நல்ல வண்ணக்கோல்களைக் கொண்டுவருகிறேன், காத்திரு" என்று பெரியவர் சொல்லிச் சென்றார். பாதிப் பிள்ளைகளுக்கு அவர் வாக்கைக் காப்பாற்றினார். மீதிப் பேருக்கு, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகே மிட்டாய் வைக்கப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முதல் குழுவின் 14 பேரில் 9 பேர் இறுதிவரை காத்திருந்தனர். இரண்டாம் குழுவில் ஒரே ஒருவர்.

நம் வீடுகளுக்கு வருவோம். "பரீட்சையில் முதல் ரேங்க் எடு, சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று எத்தனை வாப்பாமார்கள் வளைகுடாவிலிருந்து சொல்லியிருக்கிறோம்? சைக்கிள் வந்ததா? "ஊசி போடமாட்டார்கள், வா" என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போகாத உம்மா எத்தனை பேர்? சிறுவராக இருந்த அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்களை அவருடைய தாயார், "வா, உனக்கொன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காதிருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள் (அபூதாவூத்). இதைப் பொய்யைப் பற்றிய பாடமாக மட்டுமே பயானில் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் பொறுமையைப் பற்றிய பாடமும் அதில் இருக்கிறது. பெரியவர்களின் சொல் பொய்த்துப்போகும் வீட்டில், கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வதுதான் பிள்ளைக்குப் புத்திசாலித்தனம். அதை அவசரக் குணம் என்று நாம் ஏசுகிறோம்.

ஏழைப் பிள்ளைகளைப் பற்றி நாவடக்கமின்றிப் பேசுவோருக்கும் ஒரு சொல். 2018இல் இதே சோதனையை ஏறக்குறைய 900 பிள்ளைகளிடம் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும், காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது. நாளைக்கு என்ன கிடைக்கும் என்ற உறுதி இல்லாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளையிடம் "பொறுமை இல்லை" என்று குறைகூறும் முன், அந்த வீட்டின் நாளையை உறுதிப்படுத்த நம் ஜகாத் நிதி என்ன செய்தது என்று கேட்டுக்கொள்வோம்.

இனி பிரம்புக்கு வருவோம்.

ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் அதற்காக அடிக்குமாறும் வந்துள்ள ஹதீஸைக் காட்டாமல் எந்தப் பிரம்பும் நம் சமூகத்தில் தூக்கப்படுவதில்லை. அந்த ஹதீஸின் கணக்கைப் பார்ப்போம். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளுக்கு ஐந்து வேளை. 5,000 தடவைக்கும் மேல் சொல்லி, அழைத்து, கூடவே நின்று காட்டிய பிறகுதான் அந்த இரண்டாம் பகுதியே வருகிறது. அதற்கும் முகத்தில் அடிக்கலாகாது, காயம் ஏற்படுத்தலாகாது என்று ஃபுகஹாக்கள் வேலி போட்டிருக்கிறார்கள். பேசப்படுவதோ தீனின் தூணாகிய தொழுகை. அதைக் கொண்டுவந்து கணக்கில் 37 மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் முதுகில் பிரயோகிக்க நமக்கு எவர் ஃபத்வா கொடுத்தது? 5,000 தடவை வேண்டாம், ஐம்பது தடவையாவது பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தோமா?

அல்லாஹ்வின் பாதையில் போரிட்டபோது தவிர, நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). சிறுவராக வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களோ, தம்மை ஒருமுறைகூடச் "சீ" என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று நினைவுகூர்கிறார்கள். நாம் ஒரு நாளில் எத்தனை "ஏன்" கேட்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். பள்ளிக்குக் கிளம்பும் அரைமணி நேரத்திற்குள்ளேயே பதினொன்று. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். பெரியவர்கள் பிள்ளையிடம் பேசும் பேச்சைப் பிள்ளை முதலில் தனக்குத் தானே வாய்விட்டுப் பேசிக்கொள்கிறது. காலப்போக்கில் அது ஒலி அடங்கி உள்ளே போய், சிந்தனையாகவே ஆகிவிடுகிறது. கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "வாயை மூடிக்கொண்டு போடு" என்று அதட்டியும் இருப்பீர்கள். பிள்ளை தன்னை நெறிப்படுத்தப் பயன்படுத்தும் குரல் நம்மிடமிருந்து இரவல் வாங்கியது. "முதலில் எதைச் செய்யலாம்? எங்கே தடுமாறினாய்? வேறு வழி உண்டா?" என்று நாம் கேட்டுவந்தால் அந்தக் கேள்விகள் உள்ளே போகும். "மூளை இருக்கிறதா உனக்கு?" என்று கேட்டுவந்தால் அதுவும் உள்ளே போகும், பதினைந்து வயதில் கடினமான பாடம் ஒன்று எதிர்ப்படும்போது அந்தக் குரலே முதலில் பேசும்.

"எங்களையும் அடித்துத்தான் வளர்த்தார்கள், நாங்கள் நன்றாக இல்லையா?" என்பார்கள். நன்றாக இருக்கிறவர்கள் மட்டுமே கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்கிறார்கள். பிரம்புக்குப் பயந்து ஐந்தாம் ஜுஸ்உவில் மக்தபை விட்டு ஓடி, இன்றுவரை குர்ஆனைத் திறக்கத் தயங்கும் ஐம்பது வயதுக்காரர்கள் நம் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. பிள்ளைகளை அடிப்பதைப் பற்றி 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகளின் தரவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2016இல் தொகுத்தனர். அடிக்கும் அடங்காமைக்கும் உள்ள தொடர்பு, அடிப்பவர்கள் விரும்புவதற்கு நேர்மாறானது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும்தான் மிகுதி. பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடைசெய்துள்ளது. அந்தச் சட்டம் மக்தபுக்குப் பொருந்துமா என்று சிலர் நம்மிடம் வாதிட்டார்கள். சட்டம் எட்டாத இடத்தில் அடிக்கலாம் என்பதா நம் மார்க்கத்தின் பெருமை?

அப்படியானால் பிள்ளைகளை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. வரம்பில்லாத வீட்டில் வளரும் பிள்ளையும் தன்னை ஆளக் கற்பதில்லை. செல்பேசியைக் கொடுத்து மூலையில் உட்காரவைப்பதும் ஒருவகைக் கைகழுவலே. வரம்பை நாம் வகுக்க வேண்டும். வரம்புக்குள் ஆட்சியைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். மிதிவண்டி பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அப்படி. எந்த இடத்தில் கையை எடுப்பது என்பதுதான் பெற்றோரின் கலை. நாமோ பதினெட்டு வயது வரை கையை எடுப்பதே இல்லை; பிறகு நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடுகிறோம்.

இதற்கான கருவி நம் வாசலிலேயே இருக்கிறது. ஹிஃப்ளு மதரஸாவில் ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கவனியுங்கள். புதிய பாடத்தின் அளவைத் தானே முடிவுசெய்கிறான்: இன்று அரைப் பக்கம். முந்தைய நாட்களின் பாடத்தைத் தனியே ஓதிப்பார்க்கிறான். பழைய ஜுஸ்உகளுக்கும் முறை வைத்திருக்கிறான். முஸ்ஹஃபை மூடிவைத்துத் தோழனிடம் ஒப்பிக்கிறான். எங்கே தடுக்கியதோ அந்த இடத்தில் குறியிட்டுக்கொள்கிறான். திட்டமிடல், செய்யும்போது தன்னைக் கவனித்தல், செய்த பின் குறையை ஆராய்தல் என்று கல்வியாளர் பேரி சிம்மர்மன் விளக்கிய மூன்று படிகளும் அதில் இருக்கின்றன. பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதன் வலிமையை ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் அளந்தனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காட்டையே நினைவில் வைத்திருந்தனர். ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டை.

ஆனால் அதே ஹாஃபிழ் பிள்ளை மாலையில் அறிவியல் கைடைத் திறந்து, ஒரே பக்கத்தை ஏழு தடவை வாசித்து, மஞ்சள் மையால் பக்கம் முழுவதையும் பூசிவைக்கிறான். ஓதலில் நீ செய்வதை இங்கேயும் செய் என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. உஸ்தாதுக்கு அறிவியல் தன் வேலையன்று. பள்ளி ஆசிரியருக்கு ஹிஃப்ளு என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் நாமோ மதிப்பெண்ணை மட்டும் கேட்கிறோம். இந்த இடைவெளி நமக்குப் பிரம்பைவிடப் பெரிய துயரமாகப் படுகிறது.

ஆண்பிள்ளைகளைப் பெற்றோர் அடுத்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகளில் பெண்பிள்ளைகளின் தேர்ச்சி விழுக்காடே மேலே நிற்கிறது. நம் வீடுகளில் மகள் தானே எழுந்து, தன் பையை அடுக்கி, தம்பியின் காலுறையையும் தேடிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். மகனை மூன்று தடவை எழுப்பி, வாயில் இட்லியை ஊட்டி, தண்ணீர்ப் புட்டியையும் உம்மாவே நிரப்பிக் கொடுக்கிறார். மகளின் சுமையை நாம் புகழவில்லை. அதில் பாதியை மகனுக்கு மாற்றுங்கள் என்கிறோம். பாசம் என்ற பெயரில் அவனுடைய பயிற்சி பறிபோகிறது.

உறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதற்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்கிறது மருத்துவம். இரவு பதினொன்றரை வரை பெரியவர்களோடு திரை பார்த்துவிட்டு ஆறரை மணி மக்தபில் தூங்கிவிழும் பிள்ளையைத் தன்னடக்கம் இல்லாதவன் என்று உஸ்தாத் அடிக்கிறார் என்றால், அந்த அடிக்கு உரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

ரமளான் வரப்போகிறது. உங்கள் வீட்டு ஒன்பது வயதுப் பிள்ளை முதல் நோன்பைப் பிடிக்க ஆசைப்படும். ஸஹருக்கு எழும் நேரத்தை அதுவே கடிகாரத்தில் வைக்கட்டும். முந்தைய இரவே கேளுங்கள்: அஸர் நேரத்தில் பசி வந்தால் என்ன செய்வதாக இருக்கிறாய்? அது சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "படம் வரைவேன்" என்று எழுதினால் தாளும் வண்ணமும் தயாராக இருக்கட்டும். லுஹரிலேயே தாங்காமல் தண்ணீர் குடித்துவிட்டால், உறவினர்கள் முன் கேலி செய்யாதீர்கள். இரவு தராவீஹுக்குப் பின் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள்: எந்த நேரத்தில் மிகவும் கடினமாக இருந்தது? அடுத்த தடவை அந்த நேரத்துக்கு என்ன வைத்துக்கொள்ளலாம்?